லிஸ்டைக் குடு, மருமகனே

அடேயப்பா, என்னமா எழுதியிருக்கே! எக்செல் ஷீட்டா இது? பலே. கலர் கூட அடிச்சிருக்கியே. பச்சைக் கட்டம் சாப்பாடு, மஞ்சக் கட்டம் தூக்கம், அந்த ஊதாக் கட்டம் என்னது... ‘காலைக்கடன், 5.40 முதல் 5.55 வரை’. ஊர் ஊராத் தண்ணி மாத்திக் குடிச்ச பொறவும் அதே 5.40தானா? உன் வயித்துக்கிட்ட கையெழுத்து வாங்கிட்டியான்னு கேட்டேன், வேற ஒண்ணுமில்லை.

நேத்து ராத்திரி உங்கம்மா போன்ல அழுதா. “அண்ணே, நீ சொன்னாத்தான் கேப்பான், அவன் காஷ்மீருக்குச் சைக்கிள்ல போறதை எப்படியாவது நிறுத்திரு”ன்னா. தங்கச்சி சொல்லைத் தட்டாத அண்ணன் நான். உன்னை நிறுத்த ரெண்டு வழி இருக்கு. போகாதேன்னு சொல்லுறது ஒண்ணு. சொன்னா நாளைக்கே கிளம்பிருவே. இன்னொண்ணு, இந்த லிஸ்ட்ல இருக்கிற அத்தனையையும் கட்டித் தூக்கிக்கிட்டுப் போன்னு ஆசீர்வாதம் பண்ணுறது. வள்ளியூர் தாண்ட மாட்டே. எனக்கு அவளும் வேணும், நீயும் வேணும். அதனால லிஸ்டைக் குடு, நிதானமாப் பாப்போம்.

கயத்தாறு ரோட்டோரத்துல பஞ்சர் ஒட்டுற கிழவனுக்கு என்ன தெரியும்னு நினைக்காதே. இந்தக் கடையில வாடகை சைக்கிள் விடுறதுக்கு முன்னால, கோவில்பட்டி தீப்பெட்டி லோடு ஏத்துற லாரியில நான் கிளீனர். டெல்லி வரைக்கும் போயிருக்கேன். நீ 44ஆம் நம்பர்னு சொல்லுற ரோட்டுல மத்தியப் பிரதேசத்து லக்னாதோன் வரைக்கும் அன்னைக்கு 7ஆம் நம்பர். 2010ல நம்பரை மாத்திட்டாங்க. நம்பர்தான் மாறிச்சு, ஏத்தம் அதே இடத்துலதான் இருக்கு.

கணக்கைப் பாப்போம். கன்னியாகுமரியில இருந்து ஸ்ரீநகர், 3,700 கிலோமீட்டர் சுமாருக்கு. சரிதான். நாளைக்கு 120 வீதம் 31 நாள். 32ஆம் நாள் தால் ஏரியில போட்டோ. கணக்கு வாத்தியார் பாத்தா நூத்துக்கு நூறு போடுவாரு. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். இந்த 31 நாள்ல ஒரு நாள் கூட மழை வராதா? துணி துவைக்க மாட்டியா? செருப்பு அறாதா, காய்ச்சல் அடிக்காதா, ஒரு ஊர் பிடிச்சுப்போய் இன்னைக்கு இங்கனயே கிடப்போம்னு தோணாதா? மனுசன் போற பயணம்னு நினைச்சேன், பார்சல் போறதுன்னு தெரியாமப் போச்சு.

மூட்டையோட மிதிக்கிறவனுக்கு 70, 80 போதும் மருமகனே. முதல் வாரம் 60 போனாலே பிள்ளையாருக்கு ஒரு தேங்கா. ஆறு நாள் மிதிச்சா ஒரு நாள் உக்காரணும், உன் முட்டி கேக்குதோ இல்லையோ. 80ன்னு வச்சுக்கிட்டா மிதிக்க 47 நாள், உக்கார ஏழெட்டு நாள், சைக்கிளுக்கும் வானத்துக்கும் மனசு சரியில்லாத நாள் நாலஞ்சு. ரெண்டு மாசம் ஆச்சா? ஆபீஸ்ல ஒரு மாசம்தான் தருவாங்கன்னா பாதி ரோடு போ. நாக்பூர் ஏறக்குறையப் பாதி. அங்க வெள்ளைக்காரன் நட்டு வச்ச ஜீரோ மைல் கல் இருக்கு, அதுல சாஞ்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு ரயில் ஏறிரு. மிச்சப் பாதி அடுத்த வருசம். ரோட்டை யாரும் சுருட்டிக்கிட்டுப் போயிர மாட்டான்.

அடுத்தது, சித்திரையில கிளம்புறேங்கே. ஏன்னா அப்பதான் லீவு. அருமை. வைகாசியில தெலுங்கானா தாண்டி நாக்பூர் பக்கம் போய்ச் சேருவே. அங்க அந்த மாசத்துல 45 டிகிரி வந்தா ஊர்க்காரன் ஆச்சரியப்பட மாட்டான். ரோட்டுத் தார் உன் டயர்ல ஒட்டிக்கிட்டுக் காஷ்மீர் பாக்க உன் கூடவே வரும். சரி, ஐப்பசியில போறேன்னா இங்கயே அடைமழை. அதைத் தாண்டி மிதிச்சா மார்கழியில அரியானா, பஞ்சாப். அங்க விழுற பனிமூட்டத்துல எதிரே வர லாரிக்கு நீ தெரிய மாட்டே. உனக்கு லாரி தெரியும்போது பேச நேரம் இருக்காது. ஆடியில போலாமேன்னு கேப்பே. ஆரல்வாய்மொழிக் கணவாயில புகுந்து வர காத்து காவல்கிணறு பக்கத்துலயே உன்னையும் மூட்டையையும் பக்கவாட்டுல ஒரு தள்ளு தள்ளும். முப்பந்தல்ல அத்தனை காத்தாலையை அழகுக்கு நட்டு வச்சிருக்கான்னா நினைக்கே? அதைச் சமாளிச்சு வடக்கே ஏறினா, அங்கன மழைக்காலம் உனக்காகக் காத்திருக்கும்.

தைப்பொங்கலைச் சாப்பிட்டுட்டுக் கிளம்பு. அதுலயும் ஒரு வில்லங்கம் உண்டு, மறைக்க மாட்டேன். வாடைக்காத்து முகத்துல அடிக்கும். வெயிலுக்கு வாடை தேவலை. காலையில கண்ணு தெரியுற வெளிச்சம் வந்ததும் ஏறி, பதினொண்ணுக்குள்ள பெரும்பகுதியை முடிச்சிரு. காத்து பிடிக்கிறதே அதுக்குப் பொறவுதான். தை கடைசியில ஐதராபாத், மாசி முதல் வாரத்துல நாக்பூர், மாசிக் கடைசியில டெல்லி, பங்குனியில காஷ்மீர். பங்குனியில ராம்பன், பனிஹால் பக்கம் மழை பெய்ஞ்சா மலை சரியும், ரோட்டை அடைச்சிருவாங்க. அதுக்குத்தான் அந்த நாலஞ்சு நாளைக் கையில வச்சுக்கிடச் சொன்னேன். சுத்தமா ஷீட்ல கட்டத்தை நிரப்பிட்டேன்னா சரிஞ்ச மண்ணை எந்தக் கட்டத்துல போடுவே?

இப்ப சைக்கிள். ஒண்ணே கால் லட்சமா! ம்ம். அந்தக் காசுக்கு எங்க காலத்துல... வேண்டாம், கிழவன் புலம்பல்னு சொல்லுவே. அழகாத்தான் இருக்கு. தொட்டுப் பாக்கலாமா? பிரேக்குக்குள்ள எண்ணெய் ஓடுதாமே. ரொம்பச் சௌகரியம். ஒரு விரலால பிடிச்சா நிக்கும். அந்த எண்ணெய் ஒழுகிருச்சுன்னா ஆதிலாபாத்துல எவன் ஊத்தித் தருவான்னு மட்டும் இன்னைக்கே கேட்டு வச்சுக்கோ. கம்பி இழுக்கிற பிரேக்குன்னா கம்பி அறும், கட்டை தேயும், ரெண்டையும் கையிலயே கொண்டு போகலாம், மரத்தடியில உக்காந்து மாட்டலாம்.

பின் சக்கரத்துல எத்தனை போக்ஸ் கம்பி? இருபத்தெட்டா! இதுமேல உன்னையும் உன் மூட்டையையும் ஏத்தி ஸ்ரீநகர் போகப் போறே? முப்பத்தாறு கம்பி போட்ட சக்கரமா மாத்து, நல்ல ஆளா பாத்துக் கோட்டம் எடுத்துக் குடுக்கச் சொல்லு. எந்த ஆளுன்னு கேக்காதே, உன் முன்னாலதான் உக்காந்திருக்கான். கம்பி அறுறதெல்லாம் பெரும்பாலும் பின்சக்கரத்துல, பல்லுச்சக்கரம் இருக்கிற பக்கத்துலதான். அந்தப் பக்கத்துக் கம்பியை மாட்டணும்னா பல்லைக் கழட்டணும், அதுக்குன்னு ஒரு தனிச் சாவி வேணும். சரியான நீளத்துல நாலு கம்பி எடுத்து ஃபிரேம்ல டேப் போட்டு ஒட்டிக்கோ. கம்பி இருந்து சாவி இல்லாதவனை நான் பாத்திருக்கேன். பல்லு குத்துற குச்சி மாதிரி அதைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

டயர். கடையில போய் ‘இருபத்தெட்டு இஞ்ச் டயர் குடு’ம்பே, அவனும் குடுப்பான். அது நம்ம ஊர் பால்காரர் சைக்கிள் டயர். உன் 700க்கு அது பெரிசு, ரிம்ல உக்காராது. இது தெரியாம ஊர் ஊராக் கடைக்காரனைத் திட்டிக்கிட்டுப் போற டவுன் பிள்ளைங்க உண்டு. மடக்கி வைக்கிற டயர் ஒண்ணு, டியூப் மூணு கையில இருக்கணும். வால்வு என்ன வால்வு? பிரெஸ்டாவா? ஒல்லியா, ஒசரமா, மேல ஒரு திருகு. நல்லாத்தான் இருக்கு. நம்ம கிராமத்துக் கடைப் பம்பு அதை இன்னாருன்னே அடையாளம் தெரியாம முழிக்கும். விரல் நுனியளவு பித்தளை அடாப்டர் இருக்கு, அதை மாட்டினா பெட்ரோல் பங்க் காத்தும் ஏறும். ரெண்டு வாங்கு. ஒண்ணு தொலையும். தொலையாதுன்னு சொல்லாதே, தொலையும்.

பஞ்சரைப் பத்தி உனக்கு யூடியூப்காரன் சொல்லாத ஒண்ணு சொல்லுதேன். பெரிய ரோட்டுல உன்னைக் குத்தப் போறது ஆணி இல்லை, முள்ளு இல்லை. லாரி டயர் வெடிச்சுக் கிடக்குதுல்லா ஓரத்துல, அதுக்குள்ள மயிர் கனத்துல இரும்புக் கம்பி. அதுல ஒரு துணுக்கு உன் டயர்ல ஏறி உக்காந்துக்கிடும். நீ டியூபை மாத்துவே. அரை மைல்ல மறுபடி புஸ்ஸு. மறுபடி மாத்துவே. மூணாவது டியூபும் போன பொறவுதான் உனக்கு சாமி நினைப்பு வரும். டியூபைக் கழட்டினதும் டயர் உள்பக்கத்தைச் சுத்திப் பஞ்சு வச்சு மெதுவா ஒரு தடவு தடவு. கம்பி இருந்தா பஞ்சு சிக்கும். குறடால பிடுங்கிட்டு அப்புறம் புது டியூபைப் போடு. இதுக்குக் கூலி கிடையாது, மாமன் சீர்னு வச்சுக்கோ.

சரி, மூட்டையை அவுரு. இங்கன ரெண்டு குவியல் போடுவோம். ரோட்டுல எங்கயும் கிடைக்காத சாமான் இந்தப் பக்கம். டீக்கடை இருக்கிற ஊர்ல எல்லாம் கிடைக்கிறது அந்தப் பக்கம். இந்தப் பக்கம் உன் கூட வரும். அந்தப் பக்கம்... அதை அப்புறம் பாப்போம். மொத்தம் எத்தனை கிலோ? முப்பத்திரண்டா! பொண்ணு வீட்டுச் சீர் வண்டி மாதிரில்லா கட்டியிருக்கே. சைக்கிள் போக பதினஞ்சு கிலோவுக்கு மேல ஒரு பொட்டு ஏறக் கூடாது.

அடுப்பு, கேஸ் சிலிண்டர், பாத்திரம். சாலைப்புதூர்ல டீ கிடைக்காதா, சேலத்துல கிடைக்காதா, அனந்தப்பூர்ல கிடைக்காதா? இந்த ரோட்டுல டீ கிடைக்காத இருபது கிலோமீட்டரைக் காட்டினா என் மீசையை எடுத்துக்கிடுதேன். அந்தப் பக்கம் வை. காபிக்கொட்டை அரைக்கிற மெஷினா? கையால சுத்துறதா? ஆஹா. இது ரொம்ப முக்கியமாச்சே. முக்கியமானதைத் தொலைச்சிரக் கூடாது, பத்திரமா இங்கயே இருக்கட்டும். அந்தப் பக்கம். தலையணை? ஸ்வெட்டரை உறையில சுருட்டினா தலையணை. அந்தப் பக்கம். புத்தகம் அஞ்சா! ஒண்ணை எடுத்துக்கோ. படிச்சு முடிச்சதும் வழியில யாருக்காவது குடுத்திரு. ஜீன்ஸ் பேண்டு? நனைஞ்சா உன் காலே உன்னைத் தூக்க முடியாது. ஓட்டுறதுக்கு ரெண்டு செட், சாயங்காலம் ஊருக்குள்ள நடமாட ஒரு செட், ஒரு லுங்கி, ஒரு துண்டு. லுங்கியைச் சிரிப்பாப் பாக்காதே. போர்வை அது, திரை அது, குளிக்கிற அறை அது, புண்ணு வந்தா கட்டுத்துணியும் அது.

புண்ணுன்னதும் நினைவு வருது. பஞ்சு வச்ச கால்சட்டை வாங்கியிருக்கே, நல்லது. அதுக்குள்ள ஜட்டி போடாதே. என்ன முழிக்கே? அந்தத் தையல்தான் தொடையை அறுக்கும். தினமும் சோப்புப் போட்டுத் துவைச்சுக் காயப் போடணும், வேர்வையோட மறுநாள் மாட்டினா கொப்புளம். தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவிக்கோ. இதுக்கு மேல மாமன் வாயால கேக்காதே.

டாமஸ் ஸ்டீவன்ஸ்னு ஒருத்தன், நம்ம நூலகத்துப் புத்தகத்துல இருக்கான். 1884ல அமெரிக்காவில கிளம்பினான், முன்னால ஆள் ஒசரத்துக்குச் சக்கரம், பின்னால சின்னச் சக்கரம் வச்ச அந்தக் காலத்துச் சைக்கிள்ல. 1886ல லாகூர்ல இருந்து டெல்லி வழியா கல்கத்தா வரைக்கும் போனான். அம்பாலாவுக்கும் டெல்லிக்கும் நடுவுல நீ மிதிக்கப் போறது அவன் மிதிச்ச அதே கிராண்ட் டிரங்க் ரோடுதான். அமெரிக்காவில கிளம்பும்போது அவன் மூட்டையில என்ன இருந்துச்சு தெரியுமா? காலுறை, மாத்துச் சட்டை ஒண்ணு, மழைக்கோட்டு ஒண்ணு. அந்தக் கோட்டுதான் கூடாரம், அதுதான் படுக்கை. அப்புறம் ஒரு கைத்துப்பாக்கி. துப்பாக்கியை விட்டுரு, மிச்சத்தைப் பாரு. உலகத்தையே சுத்தி வந்தவன் காபி மெஷின் இல்லாமத்தான் வந்திருக்கான், பாவம்.

நம்மாளுங்களும் உண்டு. 1923ல பம்பாயில இருந்து ஆறு பார்சிப் பையன்க உலகத்தைச் சுத்தக் கிளம்பினாங்க. 1928ல திரும்பி வந்து சேந்தது மூணு பேர்: அடி ஹக்கிம், ஜல் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா. சினாய்ப் பாலைவனத்தைத் தாண்டியிருக்காங்க. பாதியில திரும்பினவங்களை யாரும் ஊரை விட்டுத் தள்ளி வைக்கலை. உனக்கும் அதே சட்டம்தான், முடியலைன்னா திரும்பு. ஆனா முடியலைங்கிறதை ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்ச பொறவு முடிவு பண்ணு. பசியில, மழையில, சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிற முடிவு எதுவும் செல்லாது.

கூடாரத்துக்கு வருவோம். ரெண்டரைக் கிலோ. தனியா, காட்டுக்குள்ள, நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டுப் படுக்கணும். ஆசைதான். இந்த ரோட்டுல எந்த இடத்துல கூடாரம் அடிச்சாலும் பத்து நிமிசத்துல பதினஞ்சு பேர் சுத்தி நிப்பாங்க. எந்த ஊரு, எங்க போறே, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆச்சா. நட்சத்திரம் தெரியாது, தலைதான் தெரியும். பள்ளிக்கூடத் திண்ணை, பெட்ரோல் பங்க், கோயில் மண்டபம், வடக்கே தாபாவில கயித்துக் கட்டில். சாப்பாட்டுக்குக் காசு குடுத்தா கட்டிலுக்குக் காசு கேக்காத தாபா நிறைய உண்டு, நான் படுத்திருக்கேன். ஆனா இருட்டுறதுக்கு முன்னால போய்க் கேளு. வெளிச்சத்துல வந்து கேக்குறவன் விருந்தாளி. இருட்டுல வந்து கேக்குறவனை நாய்தான் முதல்ல விசாரிக்கும். கொசுவலை மட்டும் எடுத்துக்கோ, அது இந்தப் பக்கம். கூடாரம் அந்தப் பக்கம். இல்லை, மழைக்கு ஒதுங்க வேணுமோ... வேண்டாம், அந்தப் பக்கமே இருக்கட்டும், பேரப்பிள்ளைங்க விளையாடும்.

பஞ்சாப் போயிட்டேன்னா குருத்வாரா. தலையில துணியைக் கட்டிக்கிட்டு, செருப்பைக் கழட்டிட்டு, காலைக் கழுவிட்டு உள்ளே போ. தரையில பந்தியில உக்காரு. ரொட்டி வந்தா ரெண்டு கையையும் ஏந்தித்தான் வாங்கணும். நீ யாரு, எந்தச் சாதி, என்ன வேலைன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். சாப்பிட்டு எந்திரிச்சதும் அப்படியே வந்திராதே, தட்டுக் கழுவுற இடத்துல அரை மணி நேரம் நில்லு. படுக்க இடமும் குடுப்பாங்க. “யார் தயவும் இல்லாமப் போறேன்”னு சொன்னியே, அந்த வாக்கியத்தை எந்த ஊர்ல வச்சு அழிக்கப் போறேன்னு எனக்கு ஒரு கணக்கு இருக்கு. சொல்ல மாட்டேன்.

சோத்துக்கு ஒண்ணும் குறை இல்லை. ஆதிலாபாத் வரைக்கும் இட்லியும் சோறும் உன் கூடவே வரும். அதுக்கு வடக்கே ரொட்டியும் பருப்பும். நாளெல்லாம் மிதிக்கிறவன் மத்த நாளை விட ரெண்டு மடங்கு சாப்பிடணும். வெட்கப்படாதே. புரோட்டீன் பொடி டப்பா எதுக்கு? கடலை மிட்டாய் கோவில்பட்டியில வாங்கிக்கோ, தீர்ந்ததும் கடலையும் வெல்லமும் எந்த ஊர்ப் பலசரக்குக் கடையிலயும் உண்டு, வாழைப்பழம் எல்லா ஊர்லயும் உண்டு. தண்ணி மூணு பாட்டில், வெயில் பக்கம் அஞ்சு லிட்டர் வரைக்கும் ஏத்திக்கோ. வெறும் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருந்தா தலை சுத்தும், உப்பும் சேரணும். மோர் கிடைச்சா மோர். கிடைக்காத இடத்துக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து, இந்தப் பக்கம்.

ரோட்டுல நாலு இடத்தைக் குறிச்சுக்கோ. தொப்பூர் கணவாய்: சேலத்துல இருந்து தர்மபுரிக்கு நீ ஏறுவே, எதிர்ப்பக்கம் லாரியெல்லாம் பிரேக் கருகி இறங்கும். அவசரப்படாம ஓரத்துலயே ஏறு, தள்ளிக்கிட்டுப் போனாலும் கௌரவம் போகாது. ஐதராபாத் வெளிவட்டச் சாலை: ரெண்டு சக்கரத்துக்கே அனுமதி இல்லை, பக்கத்துச் சர்வீஸ் ரோட்டுலதான் போகணும், மேப்பு சொல்லுதேன்னு மேல ஏறிராதே. நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவுல பெஞ்ச் புலிக்காடு: புலி கீழ போகட்டும்னு ரோட்டைத் தூக்கிக் கட்டியிருக்கான். புலிக்கே தனி வழி விட்டிருக்கும்போது நீ ராத்திரி அங்க என்ன சோலியா போறே? பகல்ல கடந்திரு. மொரேனா தாண்டிச் சம்பல் ஆறு: எங்க டிரைவர் அந்தப் பக்கம் ராத்திரியில வண்டியை நிறுத்தவே மாட்டாரு. கொள்ளைக்காரங்க நூத்துக்கணக்குல 1972ல ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னால துப்பாக்கியைப் போட்டுட்டாங்க. இப்ப அங்க ஆத்துல நீள மூக்கு முதலைதான். பாலத்துல நின்னு பாரு, இறங்கிக் காலை நனைக்காதே.

நாய் துரத்தினா வேகமா மிதிக்காதே. அதுக்கு அதுதான் விளையாட்டு. இறங்கி, சைக்கிளை நடுவுல வச்சுக்கிட்டு நில்லு. நின்னவனை என்ன பண்ணுறதுன்னு அதுக்குத் தெரியாது, போயிரும்.

போனு. டவர் கிடைக்காத இடத்துக்கும் மேப்பை முன்கூட்டியே இறக்கி வச்சுக்கோ. உன் சிம்மு பிரீபெய்டா? ஜம்முவுக்குள்ள போனதும் ஊமையாயிரும். வெளிமாநிலப் பிரீபெய்டு அங்க வேலை செய்யாது. போஸ்ட்பெய்டா மாத்திக்கோ, கிளம்புறதுக்கு முன்னாலயே. இல்லைன்னா அன்னைக்கு ராத்திரி உங்கம்மா போடுற ஒப்பாரிக்கு நான் பதில் சொல்லணும். அவகிட்ட இப்படி ஒப்பந்தம் போடு: தினமும் சாயங்காலம் படுக்கிற ஊரைச் சொல்லி ஒரு போன். ஒரு நாள் வரலைன்னா பொறுக்கணும், மறுநாள் சாயங்காலமும் வரலைன்னா எனக்குச் சொல்லணும். எங்க இருக்கேன்னு நிமிசத்துக்கு நிமிசம் புள்ளி நகருற சமாச்சாரத்தை அவளுக்குக் காட்டிராதே. டீக்கடையில நீ அரை மணி நேரம் உக்காந்தா, “அண்ணே, புள்ளி நகரலை”ன்னு இங்க என் உசுரை வாங்குவா. நெடுஞ்சாலையில உதவிக்கு 1033, மத்ததுக்கு 112. ஆதார் அட்டையையும் ரத்த குரூப் எழுதின சீட்டையும் பையில வைக்காதே, சட்டையில வை. பை சைக்கிளோட விழும், நீ தனியா விழுவே.

ஜம்முவுக்கு மேல ரெண்டு பெரிய சுரங்கம். செனானி–நாஷ்ரி 9 கிலோமீட்டருக்கு மேல, பனிஹால்–காஜிகுண்ட் எட்டரை. உள்ளே சைக்கிளை விடுவாங்களான்னு வாசல்ல நிக்கிறவனைக் கேளு. விடலைன்னா முதல் சுரங்கத்துக்குப் பட்னிடாப் மேல ஏறுற பழைய ரோடு இருக்கு. அதுவும் ஆகாதுன்னா ஒரு லோடு வண்டியில சைக்கிளைத் தூக்கிப் போடு. 3,700ல ஒம்பது கிலோமீட்டர் மிதிக்கலைன்னு எந்தக் கோர்ட்டுலயும் கேஸ் போட மாட்டாங்க.

கிளம்புறதுக்கு முன்னால ஒரு சனி, ஞாயிறு இதே மூட்டையைக் கட்டிக்கிட்டுச் சென்னையில இருந்து அறுபது கிலோமீட்டர் போயிட்டு வா. எது உரசுது, எது ஆடுது, எந்தப் பையில எது இருக்குன்னு அங்க தெரியட்டும். அப்பவும் கனமா இருந்தா, தபாலாபீஸ்னு ஒண்ணு ஊருக்கு ஊரு வச்சிருக்கான். பார்சல் கட்டி அனுப்பிரு. முகவரி? என் கடை முகவரியே போடு. உங்கம்மாவைத் தொந்தரவு பண்ணாதே.

இவ்வளவு கலர் அடிச்சியே, திரும்பி வரதுக்கு ஒரு கட்டம் கூட இல்லையே, கவனிச்சியா? அங்கயே குடியேறப் போறியா? ஸ்ரீநகர்ல இருந்து கட்ராவுக்கு 2025 ஜூன்ல இருந்து ரயில் ஓடுது, அதுல சைக்கிளுக்கு இடம் உண்டான்னு முதல்லயே கேட்டுக்கோ. இல்லைன்னா லாரியில ஜம்முவுக்கு இறக்கு. கட்ராவில இருந்து கன்னியாகுமரிக்கு ஹிம்சாகர், வாரத்துக்கு ஒரே ஒரு தடவை. அதனால டிக்கெட்டுக்கு ஏத்த மாதிரி நாளை வச்சுக்கோ. பெடலைக் கழட்டு, ஹேண்டிலைத் திருப்பு, கியரைச் சுத்தி அட்டையைக் கட்டு, பேரையும் நம்பரையும் நாலு இடத்துல எழுது, ரயில் புறப்பட ரெண்டு மணி நேரம் முன்னால பார்சல் ஆபீஸ்ல போய் நில்லு. நீ ரெண்டு மாசம் மிதிச்ச தூரத்தை அது மூணு நாள்ல கொண்டு வந்து போடும். ஜன்னலோரம் உக்காந்து எண்ணிக்கிட்டே வா.

இப்ப இந்தப் பக்கத்துக் குவியலைத் தூக்கிப் பாரு. பதிமூணு, பதினாலு கிலோதான் இருக்கும். ஏன் அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டிருக்கே? மாமன் பத்திரமா வச்சுக்கிடுதேன்னு சொல்லுதேன்ல. அடுப்பு பழகாம இருந்தா துருப்பிடிக்கும், அதனால தினமும் ஒரு தடவை பத்த வைக்கேன். காபி மெஷினும் சுத்தாம இருந்தா இறுகிரும், அதையும் பாத்துக்கிடுதேன். அது என்ன, பைக்குள்ள இருந்து நாலு கம்பியும் ஒரு துணியும்? மடக்கு நாற்காலியா! ஒரு கிலோ கூட இருக்காது போலயே. கேம்ப்ல உக்காரவா? கூடாரமே போகலை, நாற்காலி மட்டும் எதுக்கு உன் கூட? குடு, விரிச்சுப் பாப்போம். அடடே. முதுகுக்கு நல்லாத்தான் இருக்கு. சரி மருமகனே, ஒண்ணு கேக்கணும், இது எத்தனை கிலோ வரைக்கும் தாங்கும்னு எழுதியிருக்கான்?